பெருக்கல்ல பிராக்கெட்டை நகர்த்துறது எப்படி: சேர்ப்புப் பண்பு பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

மூணாவதுல இருந்து ஆறாவது வரைக்கும் படிக்கிற பசங்களுக்கும், ராத்திரி எட்டு மணிக்கு அவங்க ஹோம்வொர்க் நோட்டை வாங்கி முழிக்கிற அம்மா அப்பாவுக்கும் எழுதினது. தமிழ் மீடியம்ல இதை சேர்ப்புப் பண்புன்னு படிப்பாங்க, இங்கிலீஷ் மீடியம் பசங்க அசோசியேட்டிவ் ப்ராப்பர்ட்டிம்பாங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

சேர்ப்புப் பண்புன்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

மூணு நம்பரை பெருக்கணும்னா முதல் ரெண்டை முதல்ல பெருக்குனாலும் சரி, கடைசி ரெண்டை முதல்ல பெருக்குனாலும் சரி, விடை மாறாது. உதாரணமா 7 × 25 × 4 எடுத்துக்குங்க. இடப்பக்கத்துல இருந்து வரிசையா போனா (7 × 25) × 4, அதாவது 175 × 4, அது 700. பிராக்கெட்டை அந்தப் பக்கம் தள்ளி 7 × (25 × 4) னு போட்டா 7 × 100, அதுவும் 700. முதல் வழிக்கு முக்கால்வாசி பசங்க பேப்பர் எடுப்பாங்க, ரெண்டாவது வழிக்கு வாயைத் தொறந்தா விடை வந்துடும். நம்பர் எதுவும் இடம் மாறலைங்கறதை கவனிங்க, 7, 25, 4 அதே வரிசையிலதான் நிக்குது, யாரு யாரோட முதல்ல கூட்டு சேர்றாங்கங்கறது மட்டும்தான் மாறுச்சு.

சரி, அது ஏன் மாறாது? "ரூல் அப்படித்தான்"னு சொன்னா என் பையன் ஒத்துக்க மாட்டேங்கறான்.

ஒத்துக்காம இருக்கறது நல்லதுதான். அவனை மளிகைக் கடைக்கு கூட்டிட்டுப் போங்க. நாமக்கல்ல இருந்து லோடு இறங்குற முட்டை அட்டையை பாத்திருப்பீங்க, ஒரு அட்டையில 5 வரிசை, வரிசைக்கு 6 குழி, ஆக 30 முட்டை. அந்த மாதிரி 7 அட்டை அடுக்கினா 210 முட்டை, ஒரு பெட்டி கணக்கு அது. இப்ப நாம எப்படி எண்ணினோம்? முதல்ல ஒரு அட்டையை எண்ணிட்டு, (5 × 6) = 30, அப்புறம் 7 அட்டைன்னு பெருக்கினோம், 30 × 7 = 210.

இப்ப அந்த அடுக்கை மேல இருந்து பாக்காம, முன்னாடி உக்காந்து நேரா பாக்க சொல்லுங்க. கண்ணுக்கு முன்னாடி தெரியறது வரிசைக்கு 6 முட்டை, அது கீழ இருந்து மேல வரைக்கும் 7 அடுக்கு, அதாவது 6 × 7 = 42 முட்டை இருக்கிற ஒரு சுவர். அதுக்குப் பின்னாடி இன்னொரு சுவர், அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு, மொத்தம் 5 சுவர். 5 × 42 எவ்வளவு? 210. முட்டை எதையும் நாம தொடலை, எங்க உக்காந்து பாத்தோம்ங்கறதுதான் மாறுச்சு. முட்டை எண்ணிக்கை நாம பாக்குற பக்கத்தை வச்சு மாறவா போகுது? (5 × 6) × 7 உம் 5 × (6 × 7) உம் ஏன் ஒண்ணுங்கறதுக்கு இதை விட நல்ல நிரூபணம் அஞ்சாவது பையனுக்கு தேவையே இல்ல. கன அளவு பாடத்துல நீளம் × அகலம் × உயரம்னு வருதே, அங்கயும் நடக்கறது இதேதான்.

பரீட்சையில ரெண்டு மார்க் கேள்வியா வருது, மனப்பாடம் பண்ணி எழுதிடலாம். வேற என்ன யூஸ்?

மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்கிட்டு, அடுத்த பக்கத்துல 25 × 16 வந்தா நீளமா கீழ கீழ எழுதி பெருக்குற பசங்கதான் இங்க நிறைய. அதுதான் வருத்தம். இந்தப் பண்பு ஒரு அனுமதிச் சீட்டு, பிராக்கெட்டை எங்க வேணா போட்டுக்கலாம்னு குடுத்த அனுமதி. அனுமதியை வாங்கி பையில வச்சுக்கிட்டு சுத்துனா என்ன பிரயோஜனம், அதை வச்சு 10, 100, 1000 எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடணும். 10ஆலயும் 100ஆலயும் பெருக்கறது யாருக்கும் கஷ்டம் இல்ல, அதனால கணக்கை பாத்த உடனே "இதுக்குள்ள ஒரு நூறு கிடைக்குமா"ன்னு கண்ணு போகணும், பழக்கம் அவ்வளவுதான்.

ஆனா 25 × 16ல ரெண்டு நம்பர்தானே இருக்கு? மூணு நம்பர் இருந்தாதானே பிராக்கெட்டை நகர்த்த முடியும்?

நல்ல கேள்வி, இங்கதான் முக்கியமான விஷயமே இருக்கு. மூணாவது நம்பரை நாமதான் உண்டாக்கணும். 16ஐ 4 × 4னு உடைங்க, இப்ப மூணு நம்பர் ஆயிடுச்சு:

25 × 16
= 25 × (4 × 4)
= (25 × 4) × 4
= 100 × 4
= 400

உடைக்கிறது சேர்ப்புப் பண்பு இல்ல, அது காரணிப்படுத்தறது. உடைச்சதுக்கு அப்புறம் ரெண்டாவது வரியில இருந்து மூணாவது வரிக்கு பிராக்கெட் நகருதே, அதுதான் சேர்ப்புப் பண்பு. ரெண்டும் சேந்தாதான் வேலை நடக்கும், காரணி தெரியாத பையனுக்கு இந்தப் பண்பை சொல்லிக் குடுத்து பலன் இல்ல.

பெரியவங்களுக்கு இந்த கணக்கு வேற விதமா தெரியும். நாலணான்னா 25 பைசா, நாலு நாலணா ஒரு ரூபா, அப்ப பதினாறு நாலணா நாலு ரூபா, அதாவது 400 பைசா. யாரும் 25ஐயும் 16ஐயும் எழுதி பெருக்கினதே இல்ல, நாலு நாலா பிரிச்சு அடுக்கி வச்சாங்க, வேலை முடிஞ்சுது. 25 பைசா காசு 2011 ஜூன் மாசத்தோட செல்லாதுன்னு ஆயிடுச்சு, இப்ப இருக்கிற பசங்க அதை கையில தொட்டதே இல்ல, அதனாலயோ என்னவோ 25க்கு 4 ஜோடிங்கறது அவங்களுக்கு தானா வர மாட்டேங்குது, சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு.

எந்த நம்பரை உடைக்கணும், எப்படி உடைக்கணும்னு எப்படி கண்டுபிடிக்கறது?

5ல முடியிற நம்பரை முதல்ல தேடுங்க. அதுக்கு ஜோடி இன்னொரு நம்பருக்குள்ள இருக்கும், அதை வெளிய இழுக்கணும். 5, 15, 35, 45, 55 மாதிரி இருந்தா ஒரு 2 வேணும், 25, 75 இருந்தா 4 வேணும், 125, 375 இருந்தா 8 வேணும் (125 × 8 = 1000, 375 × 8 = 3000, இது ரெண்டையும் மட்டும் மனப்பாடம் பண்ணிடுங்க, பின்னாடி நிறைய உதவும்). அப்போ உடைக்க வேண்டியது 5ல முடியிற நம்பரை இல்ல, அதோட பக்கத்துல நிக்கிற இரட்டைப்படை நம்பரை.

45 × 14 வந்தா 14ஐ 2 × 7னு உடைச்சு 90 × 7 = 630. 75 × 28 வந்தா 28ஐ 4 × 7னு உடைச்சு 300 × 7 = 2100. 125 × 72 வந்தா 72 = 8 × 9, அதனால 1000 × 9 = 9000, இதை ஆறாவது பையன் வாயால சொன்னா பக்கத்து வீட்டு ஆன்ட்டி அசந்துடுவாங்க.

ஒரே வழிதான் இருக்கும்னு நினைக்காதீங்க. 35 × 18ஐ 35 × 2 × 9 ஆக்கி 70 × 9 = 630னும் போடலாம், 35ஐயே உடைச்சு 7 × 5 × 18 = 7 × 90 = 630னும் போடலாம். எது உங்க வாய்ல சீக்கிரம் வருதோ அது. ஆனா 35 × 18ஐ 35 × 3 × 6 னு உடைச்சா 105 × 6 ஆகும், தப்பு இல்ல, விடை 630தான் வரும், ஆனா பெருசா ஒண்ணும் மிச்சம் ஆகலை. உடைக்கிறதுல சரி தப்புன்னு எதுவும் இல்ல, லாபம் இருக்கா இல்லையாங்கறதுதான் பாக்கணும்.

இதுக்கும் பரிமாற்றுப் பண்புக்கும் என்ன வித்தியாசம்? எப்பவும் குழம்புது.

பரிமாற்றுப் பண்பு, அதாவது கம்யூட்டேட்டிவ், நம்பர்களோட இடத்தை மாத்தறது: 7 × 4 = 4 × 7. சேர்ப்புப் பண்பு இடத்தை மாத்தாம பிராக்கெட்டை மட்டும் மாத்தறது. குழப்பம் எங்க வருதுன்னா, நிஜக் கணக்குல ரெண்டும் சேந்தே வரும். 25 × 7 × 4ஐ பாருங்க, 25க்கும் 4க்கும் நடுவுல 7 உக்காந்திருக்கு. வெறும் பிராக்கெட்டை மட்டும் நகர்த்தி 25ஐயும் 4ஐயும் சேக்கவே முடியாது. முதல்ல 7 × 4ஐ 4 × 7னு திருப்பணும், அது பரிமாற்றுப் பண்பு, அப்புறம் 25 × (4 × 7)ஐ (25 × 4) × 7 ஆக்கணும், அது சேர்ப்புப் பண்பு. விடை 700.

பசங்க இதை ஒரே தாவலா தாவி 25 × 4 = 100, 100 × 7 = 700னு போடுவாங்க, போடட்டும், அது சரியான கணக்குதான். பண்போட பேரை எழுதுன்னு கேக்கும்போது மட்டும் ரெண்டு பேரும் எழுதணும்.

ஒண்ணு இருந்தா இன்னொண்ணும் கட்டாயம் இருக்கும்னும் கிடையாது. ரெண்டு நம்பருக்கு சராசரி எடுக்கறதை ஒரு செயலா வச்சுப் பாருங்க. 2க்கும் 4க்கும் சராசரி எடுத்தாலும் 4க்கும் 2க்கும் எடுத்தாலும் 3தான், இடம் மாத்தலாம். ஆனா 2, 4, 8னு மூணு நம்பர் இருந்து, முதல் ரெண்டுக்கு சராசரி எடுத்து 3, அதுக்கும் 8க்கும் சராசரி எடுத்தா 5.5. மாத்தி, 4க்கும் 8க்கும் எடுத்து 6, 2க்கும் 6க்கும் எடுத்தா 4. விடை வேற வேற. ஆக இடம் மாத்த அனுமதி இருக்கு, பிராக்கெட் மாத்த அனுமதி இல்ல.

பங்கீட்டுப் பண்பு?

அதாவது டிஸ்ட்ரிபியூட்டிவ், அதுல கூட்டலோ கழித்தலோ உள்ள வரும், நாம இங்க பாக்குற சேர்ப்புப் பண்புல முழுக்க முழுக்க பெருக்கல் மட்டும்தான். 25 × 16ஐ 25 × 4 × 4 ஆக்கினா சேர்ப்பு, 25 × (10 + 6) ஆக்கி 250 + 150 போட்டா பங்கீடு. ரெண்டுலயும் 400தான். உடைக்கும்போது நடுவுல × போட்டீங்களா + போட்டீங்களான்னு பாத்தா போதும்.

என் பொண்ணு 2 × (3 × 5)ஐ (2 × 3) × (2 × 5) னு போட்டு 60னு எழுதிட்டா. எங்க தப்பு?

இந்தப் பாடத்துலயே ரொம்ப அதிகமா வர்ற தப்பு இதுதான். பங்கீட்டுப் பண்பை நல்லா படிச்ச பசங்கதான் இதை போடுவாங்க, 2 × (3 + 5)ல வெளிய இருக்கிற 2 உள்ள இருக்கிற ரெண்டு பேருக்கும் போகும்னு படிச்சிருக்காங்க, அதே பழக்கத்துல பெருக்கலுக்கும் ரெண்டு பேருக்கும் பங்கு குடுத்துடறாங்க. பெருக்கல்ல அந்த 2 ஒரே ஒருத்தருக்குத்தான் போகணும், (2 × 3) × 5ஓ 3 × (2 × 5)ஓ எதாவது ஒண்ணு, விடை 30.

வாயால திட்டறதை விட கட்டம் போட்ட நோட்டுல வரைஞ்சு காட்டுங்க. 3க்கு 5 கட்டம் போடுங்க, உள்ள 15 சின்ன கட்டம். இதை ரெண்டு மடங்கு ஆக்கணும், அதாவது இதே மாதிரி இன்னொண்ணு பக்கத்துல ஒட்டணும், 30 கட்டம். அதுக்கு நீளத்தை மட்டும் ரெட்டிப்பு ஆக்கினா போதும், இல்ல அகலத்தை மட்டும் ஆக்கினா போதும். ரெண்டையும் ஆக்கினா என்ன ஆகுது? 6க்கு 10, 60 கட்டம், பழைய படம் நாலு தடவை அதுக்குள்ள உக்காந்திருக்கும். அந்த நாலையும் அவளையே பென்சிலால பிரிச்சு கோடு போட வைங்க, அதுக்கப்புறம் அந்த தப்பு அவ்வளவா வராது.

17 × 23க்கு இதை எப்படி யூஸ் பண்றது?

பண்ண முடியாது. 17உம் பகா எண், 23உம் பகா எண், உடைக்க காரணியே இல்ல. இங்க பங்கீட்டுப் பண்புதான் கைகுடுக்கும், 17 × 20 = 340, 17 × 3 = 51, மொத்தம் 391. அதே மாதிரி 17 × 25உம் ஒத்து வராது, 17க்குள்ள 4 இல்ல, அதனால 16 × 25 = 400, இன்னொரு 25 சேத்து 425னு போடறதுதான் புத்திசாலித்தனம். இங்க பாதிக்கு சேர்ப்பு, மீதிக்கு பங்கீடு. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியை போட்டு ஆட்டிக்கிட்டு இருக்காதீங்க, காரணி கிடைச்சா சேர்ப்பு, கிடைக்கலைன்னா பங்கீடு.

40 × 30ன்னா 4 × 3 போட்டு ரெண்டு சைபர் சேக்கறோமே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

அதுவே இதுதான். 40 × 30 = (4 × 10) × (3 × 10), இதை இடம் மாத்தி, பிராக்கெட் மாத்தி (4 × 3) × (10 × 10) ஆக்கினா 12 × 100 = 1200. "சைபரை ஒதுக்கி வச்சிட்டு கடைசியில ஒட்டு"ன்னு சொல்லிக் குடுக்கறது சீக்கிரம் வேலை நடக்கும்னுதான், ஆனா ஏன்னு சொல்லாம விட்டா 50 × 40ல மாட்டிப்பாங்க. 5 × 4 = 20, இதுலயே ஒரு சைபர் இருக்கு, பையன் "ரெண்டு சைபர் இருக்கணும், ஏற்கனவே ஒண்ணு இருக்கு, இன்னும் ஒண்ணு போட்டா போதும்"னு 200னு எழுதுவான். 20 × 100னு எழுத வச்சீங்கன்னா 2000னு அவனே சொல்லுவான். சைபர் எண்ணறதை விட்டுட்டு 100ஆல பெருக்கறோம்ங்கறதை பாக்க வைக்கணும்.

ஒரு நாளைக்கு எத்தனை செகண்ட்னு கேட்டாலும் இதே வழி: 24 × 60 × 60. 24 × 60 = 1440, அதை மறுபடி 60ஆல பெருக்குன்னு போறது ஒரு வழி. பின்னாடி ரெண்டையும் முதல்ல சேத்தா 24 × 3600, அதாவது 24 × 36 = 864, அதை 100ஆல பெருக்கி 86,400.

வாய்ப்பாடு மனப்பாடம் பண்றதுக்கு இது உதவுமா?

ரொம்பவே. 8ஆம் வாய்ப்பாடு வராத பையனுக்கு 8 = 2 × 2 × 2ங்கறதை காட்டுங்க. 7 × 8 வேணுமா, 7ஐ ரெட்டிப்பு பண்ணு 14, மறுபடி 28, மறுபடி 56. 7 × 8 = ((7 × 2) × 2) × 2 ங்கறது சேர்ப்புப் பண்பு குடுக்கிற உரிமைதான். 6 × 7 மறந்து போச்சா, 3 × 7 = 21 தெரியும், ரெட்டிப்பு 42. 12 × 7 வேணுமா, 42ஐ இன்னொரு தடவை ரெட்டிப்பு, 84.

அதுக்காக வாய்ப்பாடே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். 10 வரைக்கும் வாய்ப்பாடு வாயில இருக்கணும், அது இல்லாம இந்த வித்தை எல்லாம் இன்னும் மெதுவாத்தான் போகும். மறந்துபோன எடத்துல திரும்ப கண்டுபிடிச்சுக்க ஒரு வழி வேணும்ல, அதுக்குத்தான் இது.

ஒண்ணை பாதியாக்கி இன்னொண்ணை ரெட்டிப்பாக்குறாங்களே, அது வேற டிரிக்கா?

வேற இல்ல. 14 × 15 = (7 × 2) × 15 = 7 × (2 × 15) = 7 × 30 = 210. 14ல இருந்த 2 வெளிய வந்து 15கூட சேந்துக்குச்சு. 22 × 35 அதே மாதிரி 11 × 70 = 770. திரும்பத் திரும்பவும் பண்ணலாம், 16 × 75 → 8 × 150 → 4 × 300 = 1200. ஒரு பக்கம் பாதி ஆனா இன்னொரு பக்கம் ரெட்டிப்பு ஆகணும், ரெண்டு பக்கமும் பாதி ஆக்கிட்டு விடை எழுதுற பசங்க இருக்காங்க, பாத்துக்குங்க.

வகுத்தலுக்கும் பிராக்கெட்டை நகர்த்தலாமா?

கூடாது. (24 ÷ 4) ÷ 2 = 3, ஆனா 24 ÷ (4 ÷ 2) = 12. கழித்தலும் அப்படித்தான், (10 − 5) − 2 = 3, 10 − (5 − 2) = 7. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் மட்டும்தான் இந்த சலுகை.

கலந்து வரும்போதுதான் நிறைய பேர் விழறாங்க. 12 × 8 ÷ 4ஐ (12 × 8) ÷ 4 = 96 ÷ 4 = 24னு போட்டாலும் 12 × (8 ÷ 4) = 12 × 2 = 24னு போட்டாலும் சரியா வருது, உடனே "ஆஹா இங்கயும் வேலை செய்யுது"ன்னு நினைச்சு 48 ÷ 4 × 2க்கு 48 ÷ (4 × 2) = 6னு எழுதிடறாங்க. சரியான விடை (48 ÷ 4) × 2 = 24. பிராக்கெட்டுக்கு முன்னாடி × இருந்தா பயம் இல்ல, ÷ இருந்தா கையை வைக்காதீங்க, உள்ள இருக்கிறது எல்லாம் தலைகீழா ஆயிடும். சின்ன பசங்களுக்கு இவ்வளவு வேண்டாம், இடமிருந்து வலமா போன்னு சொன்னா போதும்.

ஆனா பெருக்கல் பக்கம் இருக்கிற சேர்ப்புப் பண்பு வகுத்தலுக்கு மறைமுகமா உதவும். 360 ÷ 15 போடணும்னா 15 = 5 × 3, முதல்ல 5ஆல வகுத்து 72, அப்புறம் 3ஆல வகுத்து 24.

நாலு நம்பர், அஞ்சு நம்பர் வந்தா?

அப்பவும் செல்லும். நாலு நம்பர்னா பிராக்கெட்டை 5 விதமா போடலாம், அஞ்சு நம்பர்னா 14 விதமா போடலாம், எல்லாத்துக்கும் விடை ஒண்ணுதான். 2 × 2 × 2 × … னு பத்து தடவை பெருக்கறதுக்கு ஒவ்வொண்ணா போகாம (2 × 2 × 2 × 2 × 2) × (2 × 2 × 2 × 2 × 2) = 32 × 32 = 1024னு முடிக்கலாம். பிராக்கெட்டே போடாம 2 × 3 × 5 × 7னு எழுத முடியறதே இந்தப் பண்பாலதான். அதோட விடை 210, மேல பாத்த முட்டைப் பெட்டியோட அதே கணக்கு, 2உம் 3உம் சேந்து 6 ஆயிடுச்சு.

பரீட்சையில ஸ்டெப் எப்படி எழுதணும்?

25 × 16க்கு மேல எழுதின மாதிரி வரி வரியா. பிராக்கெட் நகர்ந்த வரிக்கு நேரா வலப்பக்கம் "சேர்ப்புப் பண்பு"ன்னு எழுதுங்க, நம்பர் இடம் மாறின வரி இருந்தா அதுக்கு நேரா "பரிமாற்றுப் பண்பு". "தகுந்த முறையில் வரிசைப்படுத்திப் பெருக்குக"ன்னு கேள்வி இருந்தா நேரா பெருக்கி விடை மட்டும் எழுதறது வேஸ்ட், அங்க மார்க் வழிக்குத்தான். 8 × 347 × 125 குடுத்தா (8 × 125) × 347 = 1000 × 347 = 3,47,000. 347ஐ தொடவே வேண்டாம், சும்மா பயமுறுத்தத்தான் வச்சிருக்காங்க.

தசமம், சதவீதம் எல்லாத்துக்கும் ஆகுமா?

ஆகும், 2.5 × 16 = 2.5 × 4 × 4 = 40, 1.25 × 48 = 1.25 × 8 × 6 = 60. பின்னத்துக்கும் ஆகும்.

சதவீதத்துல ஒரு அழகான விஷயம் இருக்கு. 50 ரூபாய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி எவ்வளவுன்னு கேட்டா நிறைய பேர் போனை எடுப்பாங்க. 18 சதவீதம்னா 18ஐ நூறாவது பங்கு ஆக்கறது, ஆக கணக்கு 18 × (1/100) × 50. அந்த நூறாவது பங்கை 18கிட்ட இருந்து எடுத்து 50கிட்ட குடுத்துட்டா 18 × 0.50, அதாவது 18ல பாதி, 9 ரூபா. 18ல 50 சதவீதமும் 50ல 18 சதவீதமும் ஒண்ணுதான். 250 ரூபாய்க்கு 18 சதவீதம்னா 18 × 2.5 = 45.

எந்த கிளாஸ்ல இதை ஆரம்பிக்கலாம்?

தமிழ்நாட்டு பாடப்புத்தகத்துல முழு எண்களோட பண்புகள்னு ஆறாவதுல பேரோட வருது. அமெரிக்காவுல 2010ல வந்த காமன் கோர் பாடத்திட்டத்துல மூணாவதுலயே வருது, அதுல 3 × 5 × 2ஐ 15 × 2னும் போடலாம் 3 × 10னும் போடலாம்னு உதாரணம் காட்டி, பசங்க அந்த பேரை எல்லாம் சொல்லணும்னு அவசியம் இல்லன்னும் போட்டிருக்காங்க. அங்க இருக்கிற நம்ம ஆளுங்க பிள்ளைங்க ஹோம்வொர்க்ல இதை பாத்து "எங்க ஊர்ல ஆறாவதுல வந்துச்சே"ன்னு முழிக்கிறது இதனாலதான். என்னைக் கேட்டா மூணாவதுல பழக்கமும், ஆறாவதுல பேரும்தான் சரி. பேரை முதல்ல சொன்னா பையன் பேரை மட்டும்தான் பிடிச்சுக்குவான்.

வேகக் கணக்கு கிளாஸ்ல காசு வாங்கிட்டு சொல்லிக் குடுக்கறாங்களே, அதெல்லாம் இதுதானா?

எல்லாமே இல்ல, ஆனா கணிசமான பங்கு இதுவும் பங்கீட்டுப் பண்பும்தான், வேற சட்டை போட்டிருக்கும். "37ஐ 27ஆல பெருக்கினா 999 வரும் பாருங்க"ன்னு மேஜிக் மாதிரி காட்டுவாங்க, 37 × 3 = 111, 111 × 9 = 999, முடிஞ்சுது. "143 × 21 = 3003" இன்னொரு மேஜிக், 143 × 7 = 1001, அதை 3ஆல பெருக்கினா வருது. மேஜிக்கா காட்டறதுல தப்பு இல்ல, பசங்களுக்கு ஆசை வரும். ஏன் வருதுன்னு சொல்லாம அடுத்த மேஜிக்குக்கு போறதுதான் எனக்குப் பிடிக்காது.

பெருக்கல்லயே இந்தப் பண்பு வேலை செய்யாத எடம் இருக்கா?

ஸ்கூல்ல பாக்கற நம்பர் எதுக்கும் இல்ல, முழு எண், பின்னம், தசமம், நெகட்டிவ் எல்லாத்துக்கும் செல்லும். காலேஜ் தாண்டிப் போனா இருக்கு. 1843ல அயர்லாந்துல ஹாமில்டன்ங்கற கணித அறிஞர் குவாட்டர்னியன்னு ஒரு புது வகை எண் கண்டுபிடிச்சார், அதுல இடம் மாத்தினா விடை மாறும், ஆனா பிராக்கெட் மாத்தினா மாறாது. அதே வருஷக் கடைசியில அவரோட நண்பர் ஜான் கிரேவ்ஸ் ஆக்டோனியன்னு இன்னொண்ணு கண்டுபிடிச்சார், அதுல பிராக்கெட் மாத்தினாலே விடை மாறிடும். கம்ப்யூட்டர்லயும் தசமத்தை கிட்டத்தட்டத்தான் சேமிக்கறதால சின்ன பிசகு வரும், பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழியில கூட்டல்லயே பாருங்க, (0.1 + 0.2) + 0.3 போட்டா 0.6000000000000001னு காட்டும், 0.1 + (0.2 + 0.3) போட்டா 0.6. அது கணக்கோட தப்பு இல்ல, மெஷினோட குறை.

பிராக்டிஸ் பண்ண கொஞ்சம் கணக்கு குடுங்க.

பேப்பர் பேனா இல்லாம போட வைங்க, விடை சொன்னதும் "எப்படி போட்ட"ன்னு கண்டிப்பா கேளுங்க.

5 × 37 × 2
25 × 13 × 4
45 × 22
75 × 32
35 × 24
125 × 56
37 × 24
143 × 14
365 × 24

விடைகள் வரிசையா: 370, 1300, 990, 2400, 840, 7000, 888, 2002, 8760. கடைசி கணக்கு ஒரு வருஷத்துக்கு எத்தனை மணி நேரம்ங்கறது. 365 × 4 = 1460, அதை 6ஆல பெருக்கலாம், அது நல்ல வழிதான். 365 = 73 × 5னு யாராவது கண்டுபிடிச்சு, 5ஐ 24கூட சேத்து 73 × 120 போட்டாங்கன்னா அந்தப் பிள்ளைக்கு ஒரு மிட்டாய் எக்ஸ்ட்ரா குடுங்க.